‘சிஸ்டம் சுத்துது’ என்று போன் வந்தால்: கடை டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் முறை

மதுரை மாசி வீதி மொத்தக் கடைகளில் ‘சர்வர்’ என்று சொல்லப்படுவது பல இடங்களில் கல்லாவுக்குக் கீழேயோ மாடி குடோன் மூலையிலோ இருக்கும் ஒரு பிசிதான். அதில் விண்டோஸ், அதன்மேல் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருள்), அதன்மேல் யாரோ எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள். நான்கைந்து கவுண்டர், ஒரு கணக்குப் பிரிவு, குடோனில் ஒருவர் என எல்லோரும் ஒரே டேட்டாபேஸைத் தொடுகிறார்கள். அந்தப் பிசியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவர்களுக்காக இது. மெதுவாகிறது என்றதும் டிஸ்க்கைச் சந்தேகிப்பதும், ரேம் வாங்கிப் போடுவதும் வழக்கம். முதலில் பார்க்கவேண்டியது அந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை.

போன் வந்த ஐந்து நிமிடத்தில்

“அண்ணே, சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்குண்ணே, பில் போட முடியல” என்றதும் “ரீஸ்டார்ட் பண்ணுப்பா” என்று சொல்லிவிடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் முழுக்கப் போய்விடும். நாளைக்கு அதே நேரத்தில் அதே போன் வரும். மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லாக் கவுண்டரிலுமா, ஒன்றில் மட்டுமா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? கணக்குப் பிரிவில் இப்போது என்ன திரை திறந்திருக்கிறது? ஒரே கவுண்டர் என்றால் பெரும்பாலும் நெட்வொர்க் வயர் அல்லது அந்தப் பிசியின் கோளாறு. டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்.

எல்லாக் கவுண்டரும் நின்றிருந்தால், டேட்டாபேஸை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வர் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, ப்ராசஸஸ் பகுதியைப் பாருங்கள். ‘பிளாக்டு பை’ என்ற பத்தியில் எண்கள் இருந்தால் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்கிறார். ‘ஹெட் பிளாக்கர்’ பத்தியில் 1 என்று இருக்கும் வரிதான் முழு வரிசையையும் நிறுத்திவைத்திருக்கும் ஆள். அதே வரியில் கணினியின் பெயர் வரும். ஆக்டிவிட்டி மானிட்டரே திறக்க மறுத்தால் ‘எஸ்பி_ஹூ2’ என்ற கட்டளையை ஓடவிட்டாலும் இதே விவரம் கிடைக்கும்.

இங்கேதான் ஒரு முன்னேற்பாடு கைகொடுக்கும். விண்டோஸ் தானாக வைத்த ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் பெயர்களை விட்டுவைத்திருந்தால் எந்தப் பிசி என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பிசிக்கும் ‘கவுண்டர்1’, ‘கணக்கு’, ‘குடோன்’ என்று பெயர் மாற்றிவிடுங்கள். எல்லோரும் ‘எஸ்ஏ’ என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்கிலேயே நுழையும் கடைகளில் கணினிப் பெயர் ஒன்றுதான் அடையாளம். எல்லோருக்கும் அந்தக் கணக்கைக் கொடுத்துவைப்பதே தவறு என்பது தனிக் கதை.

அடுத்து, ஆக்டிவிட்டி மானிட்டரில் காத்திருப்பின் வகை. ‘எல்சிகே’ என்று தொடங்கினால் பூட்டுக்காக (ஒருவர் தொட்ட வரியை இன்னொருவர் தொடாதபடி டேட்டாபேஸ் போடும் தடை) காத்திருக்கிறது, மனிதக் காரணம். ‘பேஜ்ஐஓலாட்ச்’ என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்கக் காத்திருக்கிறது. பெரும்பாலும் யாரோ முழு டேபிளையும் படிக்கச் சொல்லியிருக்கிறார். ‘ரைட்லாக்’ என்றால் லாக் கோப்பில் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பதிவேடு; பூட்டு அல்ல) எழுதக் காத்திருக்கிறது. டிஸ்க் சந்தேகம் இங்கேதான் நியாயமானது. ‘ஏசிங்க்_நெட்வொர்க்_ஐஓ’ என்றால் சர்வர் வேலையை முடித்துத் தயாராக இருக்கிறது, வாங்கவேண்டிய பிசி மெதுவாக வாங்குகிறது. எக்செல்லுக்குள் வரிவரியாக இழுக்கும்போது இது வரும். இதைப் பார்த்துவிட்டு சர்வருக்குப் புது எஸ்எஸ்டி வாங்கினால் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

மனிதர்கள் செய்வது

திறந்த டிரான்சாக்‌ஷன்தான் முதல் குற்றவாளி: முழுதாகப் பதிவாகவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய ஒரு வேலை, முடியாமல் பாதியில் நிற்பது. பில்லைத் திருத்தும் திரை திறந்ததுமே சில மென்பொருள்கள் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிடும். இன்னும் சில, பாதி எழுதிவிட்டு ‘பிரிண்ட் எடுக்கவா?’ என்று கேள்வி கேட்டு நிற்கும். அந்தக் கேள்வியைத் திரையில் விட்டுவிட்டுக் கவுண்டர் தம்பி டீக்குப் போனால், அவர் திரும்பிவரும்வரை ஸ்டாக் டேபிளின் அந்த வரிகள் பூட்டியே இருக்கும். அதே சரக்கை பில் போடும் மற்ற கவுண்டர்கள் சுற்றும். ‘டிபிசிசி ஓப்பன்ட்ரான்’ கொடுத்தால் மிகப் பழைய திறந்த டிரான்சாக்‌ஷன் எப்போது தொடங்கியது என்று நேரத்தோடு காட்டும். அந்தப் பிசியில் போய் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அழுத்தினாலே கடை ஓட ஆரம்பித்துவிடும். நிரந்தரத் தீர்வு மென்பொருள் எழுதியவர் கையில்: பயனரிடம் கேள்வி கேட்பதற்கு முன் கமிட் (இறுதிப் பதிவு) செய்துவிட வேண்டும். இதை இந்த ஒரே வாக்கியமாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்று அனுப்பினால் ரேம் வாங்கச் சொல்லித்தான் பதில் வரும்.

நேரில் போக முடியாவிட்டால் அந்த இணைப்பைத் துண்டிக்கும் ‘கில்’ கொடுக்கலாம், ஆனால் யோசித்து. ஒருவர் பத்து நிமிடமாக ஓடவிட்ட பெரிய டெலீட்டைக் கொன்றால், செய்ததைத் திரும்ப அவிழ்க்க அதே பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால் அவிழ்க்கும் வேலை மறுபடி தொடங்கும்போது தொடரும். அதுவரை டேட்டாபேஸ் ‘இன் ரெகவரி’ என்று நிற்கும். அவசரப்பட்டவருக்கு நேரம் இரட்டிப்பாகும்.

இரண்டாவது, நாட்காட்டி. ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் காலை 11 மணிக்கு, கவுண்டரில் கூட்டம் இருக்கும்போதே, “ஆடிட்டர் ஆபீஸ்ல கேக்குறாங்க” என்று மாத ரிப்போர்ட் முழுவதையும் எக்செல்லுக்கு இழுப்பார்கள். படிக்கும் பூட்டு எழுதுபவரை நிறுத்தும். இதற்குப் பலர் சொல்லும் குறுக்குவழி ‘நோலாக்’, அதாவது பூட்டைப் பார்க்காமல் படி என்ற குறிப்பு. அதைக் கணக்கு ரிப்போர்ட்டில் ஒருபோதும் போடாதீர்கள்: அது ஒரே வரியை இரண்டு முறை படிக்கும், சில வரிகளை விட்டுவிடும், ரத்தாகப்போகும் பில்லையும் கூட்டிக்கொள்ளும். வரித் தொகை பொருந்தாமல் ஆடிட்டர் திருப்பி அனுப்பும்போது காரணம் யாருக்கும் தெரியாது. சரியான வழி இரண்டு. ஒன்று, கடை மூடியபின் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு ‘ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்’ அமைப்பை ஆன் செய்வது. பிறகு படிப்பவர் எழுதுபவரை நிறுத்தமாட்டார். டெம்ப்டிபி (சர்வரின் தற்காலிக டேட்டாபேஸ்) கொஞ்சம் வளரும், அவ்வளவுதான். இன்னொன்று, நேற்று இரவு எடுத்த பேக்கப்பை இன்னொரு பிசியில் வேறு பெயரில் தினமும் மீட்டு, ரிப்போர்ட் எல்லாம் அதிலிருந்து எடுக்கச் சொல்வது. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கே. ஏன் என்பது பேக்கப் பகுதியில் வரும்.

மூன்றாவது, தேடும் விதம். பில் தேதியை ‘இயர்’ ஃபங்ஷனுக்குள் போட்டு வருடத்தை ஒப்பிட்டால் தேதி இண்டெக்ஸ் (நேராகத் தேடிப் போக உதவும் வரிசைப் பட்டியல்) இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு வரியையும் எடுத்து வருடம் கணக்கிடும். அதற்குப் பதில் ‘2024-04-01 அல்லது அதற்குப் பின், 2025-04-01-க்கு முன்’ என்று எல்லை கொடுத்தால் அந்த நிதியாண்டுக்கு நேராகப் போகும். வாடிக்கையாளர் பெயரின் நடுவில் உள்ள சொல்லை வைத்து முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டுத் தேடினாலும் இதே கதை. போன் நம்பரை வார்சார் (சாதாரண எழுத்து வகை) பத்தியில் வைத்திருக்க, மென்பொருள் அதை என்வார்சார் (எல்லா மொழிக்குமான எழுத்து வகை) ஆக அனுப்பினால், வகை மாற்றத்துக்காக முழு இண்டெக்ஸையும் படிக்க நேரிடலாம். எக்ஸிக்யூஷன் பிளானில் (தேடல் எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் படம்) மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருந்தால் மவுஸை அதன்மேல் வைத்துப் படியுங்கள்.

தமிழில் பெயர் அச்சிடும் கடைகளுக்கு இன்னொன்று. தமிழ் எழுத்தை வார்சார் பத்தியில் போட்டாலோ, எழுத்துத் தொடருக்கு முன் ‘என்’ என்ற ஆங்கில எழுத்துக் குறி விட்டுப்போனாலோ பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் பதிவாகும். அது திரையில் காட்டுவதில் உள்ள கோளாறு அல்ல. உண்மையான பெயர் அழிந்தே விட்டது. எழுத்துரு மாற்றி அதை மீட்க முடியாது. எஸ்க்யூஎல் சர்வருக்குப் பதில் மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சரக்குப் பட்டியல் ஏற்றும்போது 10,000 வரியையும் தனித்தனிக் கமிட்டாக ஏற்றுபவர்கள் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கமிட்டுக்கு 8 மில்லிநொடி என்றால் 80 நொடி காத்திருப்பு மட்டுமே. 1,000 வரிக்கு ஒரு கமிட் என்று தொகுத்தால் அந்தக் காத்திருப்பு ஒரு நொடிக்கும் கீழே வந்துவிடும்.

எக்ஸ்பிரஸின் எல்லைகள்

2022 பதிப்புவரை எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸின் தரவுக் கோப்பு 10 ஜிபியைத் தாண்ட முடியாது. 2025 பதிப்பில்தான் அது 50 ஜிபி ஆனது. லாக் கோப்பு இந்தக் கணக்கில் வராது. எல்லையைத் தொட்டால் எச்சரிக்கையெல்லாம் கிடையாது, புது பில் பதிவாகாது. அது தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுங்குடிச் சேலை ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்து டேபிளுக்குள்ளேயே போடுவதுதான் இந்த எல்லைக்கு மிக வேகமான வழி. படத்தை ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் டேபிளில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கோப்பின் அளவைக் குறித்துவைத்தால் எப்போது நிரம்பும் என்று தெரிந்துவிடும்.

டேட்டாவை வைத்துக்கொள்ள எக்ஸ்பிரஸ் பயன்படுத்தும் பஃபர் நினைவகம் 1410 எம்பி மட்டுமே. 8 ஜிபி ரேமை 32 ஆக்கினால் விண்டோஸ் மகிழும், டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது.

டேட்டாபேஸ் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஆட்டோ குளோஸ்’, ‘ஆட்டோ ஷ்ரிங்க்’ இரண்டும் ஆஃப் ஆக இருக்கிறதா பாருங்கள். முதலாவது ஆன் ஆக இருந்தால் கடைசிப் பயனர் வெளியேறியதும் டேட்டாபேஸ் மூடிக்கொள்ளும். காலையில் முதல் பில் இழுப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது இண்டெக்ஸைச் சிதறடிக்கும். கோப்பு வளரும் அளவு 1 எம்பி என்று இருந்தால் 64 அல்லது 128 ஆக்குங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளில் எம்டிஎஃப் (தரவு), எல்டிஎஃப் (லாக்), பிஏகே (பேக்கப்) கோப்புகளுக்கு விலக்கு கொடுங்கள். டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவோடு நேரடியாக இணைத்துவைப்பது இரண்டு வகையில் ஆபத்து: ஓடும் கோப்பை இழுத்து இடைஞ்சல் செய்யும், அப்படி எடுத்த நகல் திறக்கவும் திறக்காது.

டிஸ்க் உண்மை சொல்கிறதா

கமிட் ஆனதும் ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க் சொல்கிறது. டேட்டாபேஸின் நம்பகத்தன்மை முழுக்க அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. எழுதாமலேயே தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொண்டு சொல்லிவிட்டால், கரண்ட் போகும் நொடியில் பில் போய்விடும், சில சமயம் பக்கமே (டேட்டாபேஸ் தரவை எழுதிவைக்கும் கட்டம்) பாதி எழுதப்பட்டு நிற்கும்.

சோதிப்பது எளிது. ஒரு தனி டேபிளில் 1,000 வரியை, ஒவ்வொன்றும் தனிக் கமிட்டாக, ஒரே லூப்பில் செருகி நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று, அதாவது சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. நேர்மையாக எழுதினால் 1,000 கமிட்டுக்கு 8 நொடி அளவில் ஆக வேண்டும். அரை நொடியில் முடிந்தால் டிஸ்க் கேஷில் வைத்துக்கொண்டு பொய் சொல்கிறது. லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்றே ‘பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க்’ என்ற கருவி கூடவே வருகிறது.

பல கடைகளில் இந்தப் பொய்யை வரவழைத்தவர் ஒரு மனிதர்தான். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசீஸ் பக்கத்தில் ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை நிறுத்தும் பெட்டி ஒன்று உண்டு. ‘வேகம் கூடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் டிக் போட்டிருப்பார்கள். வேகம் கூடுவது உண்மை. பில் தொலைவதும் உண்மை. அந்த டிக்கை எடுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘எஃப்சிங்க்’ அமைப்பை (டிஸ்க்கில் எழுதியதை உறுதிசெய்வது) ஆஃப் செய்வது இதே ரகம்தான். மைஎஸ்க்யூஎல்லில் ‘இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட்’ மதிப்பை 2 ஆக்கினால், பவர் போகும்போது கடைசி ஒரு நொடி அளவு கமிட்டை இழக்கலாம். கடைக்கு 1 தான் சரி.

எஸ்எஸ்டி வாங்கும்போது விலைப்பட்டியலில் வேகத்தைப் பார்க்காமல் ‘பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்’ இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே கெபாசிட்டர்கள் இருக்கும்; கரண்ட் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும். அதனாலேயே கமிட்டும் வேகமாகும். லேப்டாப்புக்கான மலிவு எஸ்எஸ்டியில் இது பொதுவாக இருக்காது. சர்வருக்கென்று விற்கும் 480 ஜிபி ஒன்று ஒரு கடைக்குத் தாராளம்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மாதம் ஒருமுறை 05, சி5, சி6 ஆகிய மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யமாக இருந்தது ஏற ஆரம்பித்தால் டிஸ்க்கை மாற்றுங்கள், காத்திருக்காதீர்கள். சி7 மட்டும் ஏறினால் அது சாட்டா கேபிள் கோளாறு. நூறு இருநூறு ரூபாயில் முடிகிற வேலை. எஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாகில் 825 என்ற எண்ணைத் தேடுங்கள். படிக்க முடியாமல் திரும்ப முயன்று கிடைத்தது என்று அர்த்தம். வெறும் தகவல் என்ற தரத்தில் பதிவாவதால் யார் கண்ணிலும் படாது. ஆனால் டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடையாது. 833 வந்தால் ஒரு படிப்போ எழுத்தோ 15 நொடிக்கு மேல் நின்றிருக்கிறது.

கரண்ட், சூடு, பஞ்சு

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அன்று காலையிலேயே ஒழுங்காக ஷட்டவுன் செய்யலாம். தொந்தரவு தருவது சொல்லாமல் போய் வரும் கரண்ட். யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது, அதன் யுஎஸ்பி வயரைச் சர்வரில் செருகி, பேட்டரி குறைந்ததும் விண்டோஸ் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமைக்க வேண்டும். பல கடைகளில் அந்த வயர் பெட்டியைவிட்டே வெளியே வந்திருக்காது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். சூடாகும் நொடியில் அது இழுக்கும் கரண்டுக்குச் சின்ன யுபிஎஸ் விழுந்துவிடும்.

ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும். சித்திரை வைகாசியில் மாடி குடோன் எவ்வளவு சூடாகும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடை மூடியபின், பேக்கப் எடுத்துவிட்டு, சுவர் பிளக்கை உருவி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள். ஜவுளிக் கடையில் ஃபேனில் பஞ்சு அடைக்கும்; அப்போதே ப்ளோயரால் ஊதிவிடுங்கள்.

பேக்கப்

எக்ஸ்பிரஸில் வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் ஏஜென்ட் இல்லை. எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளைக் கருவி வழியாக ஓடும் சிறு ஸ்கிரிப்டை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு கடை மூடியபின் ஓடும்படி வையுங்கள். பேக்கப் கட்டளையில் ‘வித் செக்சம்’ கட்டாயம். இல்லாவிட்டால் கெட்டுப்போன பக்கத்தையும் அப்படியே நகலெடுத்து ‘வெற்றி’ என்று சொல்லும். ‘ரெகவரி மாடல்’ ஃபுல் என்று (லாக் பேக்கப் எடுக்கும்வரை லாக் அழியாதபடி) வைத்திருந்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப்பும் எடுங்கள். எடுக்காமல் விட்டால் லாக் கோப்பு வளர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிடும். எடுத்தால், யாராவது ‘வேர்’ (எந்த வரிகளுக்கு என்ற நிபந்தனை) இல்லாமல் அப்டேட் கொடுத்து எல்லாச் சரக்கின் விலையையும் ஒன்றாக்கிவிட்டாலும், ‘ஸ்டாப்அட்’ கொடுத்து அதற்கு ஒரு நிமிடம் முன்புள்ள நிலையை மீட்கலாம்.

2017 ஜனவரி 31-ல் மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். தினசரி பேக்கப் பழைய பதிப்புக் கருவியால் ஓடியதால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைச் சர்வருக்காகக் கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய இடத்தில் யாரும் கவனிக்காதது குடோன் மூலையில் எளிதாக நடக்கும். ஆகவே தோல்விச் செய்திக்குக் காத்திருக்காமல், தினமும் வெற்றிச் செய்தி கோப்பின் அளவோடு வரும்படி அமைத்து, வராத நாளில் விசாரியுங்கள்.

மேலே சொன்ன ரிப்போர்ட் நகலை நாங்கள் ஆதரிப்பது இதற்காகத்தான். தினமும் இரவு பேக்கப்பை இன்னொரு பிசியில் மீட்டால் ரிப்போர்ட்டுக்கு டேட்டாபேஸ் கிடைக்கிறது, பேக்கப் திறக்கிறதா என்பதும் தினமும் சோதிக்கப்படுகிறது. மீட்டபின் செய்யவேண்டியவை:

1. அந்த நகலில், டேட்டாபேஸ் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் ‘டிபிசிசி செக்டிபி’ ஓட்டுங்கள். கடை சர்வருக்குச் சுமை இல்லை.
2. கடைசி பில் எண்ணும் அன்றைய மொத்தமும் கல்லாவில் எழுதியதோடு பொருந்துகிறதா பாருங்கள்.
3. மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். முதலாளி கேட்கும் “எப்ப வரும்?”-க்குப் பதில் அதுதான்.

வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்; ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும்.

824 வந்துவிட்டால்

எரர் லாகில் 824 அல்லது 823 வந்தால் பக்கம் கெட்டுவிட்டது. பில் போடுவதை நிறுத்துங்கள். டேட்டாபேஸை ‘டிடாச்’ செய்யாதீர்கள், அதாவது சர்வரிலிருந்து கழற்றாதீர்கள். ‘சஸ்பெக்ட்’ நிலையில் இருந்தால் திரும்ப அட்டாச் ஆகாமல் போகலாம். ஃபுல் மாடல் என்றால் முதல் வேலையாகக் கடைசி லாகை ‘நோ_ட்ரங்கேட்’ கொடுத்துப் பேக்கப் எடுங்கள். பிறகு சர்வீஸை நிறுத்தி, எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதன்பின் ‘செக்டிபி’ ஓட்டி, பிழை வரிகளில் ‘இண்டெக்ஸ் ஐடி’யைப் படியுங்கள். எல்லாமே 2 அல்லது அதற்கு மேல் என்றால் கெட்டது இண்டெக்ஸ் மட்டும். அதை நீக்கி மறுபடி உருவாக்கினால் ஒரு வரிகூடப் போகாது. 0 அல்லது 1 இருந்தால் டேட்டாவே கெட்டிருக்கிறது. புது டிஸ்க்கில் பேக்கப்பை மீட்டு, அதன்மேல் லாக் பேக்கப்புகளை வரிசையாக ஏற்றுங்கள். ‘ரிப்பேர்_அலோ_டேட்டா_லாஸ்’ என்று போனில் யாராவது சொன்னால், அது கெட்ட பக்கத்தைச் சரிசெய்யாது, தூக்கி எறியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு எந்த நகலும் இல்லாதபோது, எடுத்துவைத்த கோப்பு நகலின்மேல் மட்டுமே அதை ஓட்ட வேண்டும். கெட்ட டிஸ்க்கை ஃபார்மட் செய்து கவுண்டர் பிசியில் மறுபடி மாட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் டிரில் போட்டு ஓட்டை குத்திவிடுங்கள்.